மழலையர் ஆசிரியர்களுக்கும் காப்பகப் பணியாளர்களுக்கும் சக கற்றல் குழு: தொடங்குவதும் தொடர்ந்து நடத்துவதும்

சின்னக் குழந்தைகளோடு வேலை செய்பவர்கள் நாள் முழுக்கக் கூட்டத்துக்கு நடுவே இருந்தும் தனியாகத்தான் வேலை செய்கிறார்கள். பக்கத்து அறையில் இருப்பவர் அழுகிற குழந்தையை எப்படிச் சமாளிக்கிறார் என்று எட்டிப் பார்க்க முடியாது. எட்டிப் பார்க்கப் போனால் இங்கே குழந்தைகளைக் கவனிக்க ஆள் இல்லை. தன் வீட்டிலேயே நாலைந்து குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்பவருக்கோ பக்கத்து அறை என்ற ஒன்றே கிடையாது. எப்போதாவது நடக்கும் பயிற்சி வகுப்பில் பொதுவான விஷயங்களைச் சொல்வார்கள். திங்கட்கிழமை காலையில் வாசலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மறுக்கும் அந்த ஒரு குழந்தையைப் பற்றி அங்கே யாரும் பேசப்போவதில்லை.

ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மருத்துவச்சிகளும் தையற்காரர்களும் இறைச்சி வெட்டுபவர்களும் தொழில் பழகும் விதத்தை ஒப்பிட்டு 1991-இல் எழுதினார்கள். அதில் வந்த இறைச்சிக் கடைப் பழகுநர்களின் நிலைமை நமக்கு மிகவும் பொருந்தும். அவர்களைப் பொட்டலம் சுற்றும் இயந்திரத்தடியில் நிறுத்திவிட்டார்கள். தேர்ந்தவர்கள் இறைச்சி வெட்டுவதை அங்கிருந்து பார்க்க முடியாது. பார்க்க முடியாததைப் பழகவும் முடியவில்லை. மழலையர் வகுப்பின் மூடிய கதவும் இதே வேலையைத்தான் செய்கிறது.

சக கற்றல் குழு என்பது இந்தக் கதவைத் திறக்கும் ஏற்பாடு. ஒரே மாதிரி வேலை செய்யும் ஆறேழு பேர் குறித்த நாளில் கூடுகிறார்கள். ஒருவர் தன் அறையில் கண்டதை எடுத்து வைக்கிறார். எல்லோரும் சேர்ந்து அதைப் பார்க்கிறார்கள். ஒன்றைச் செய்து பார்ப்பது என்று முடிவாகிறது. அடுத்த கூட்டத்தில் என்ன நடந்தது என்று பேசுகிறார்கள். பாடம் நடத்துபவர் என்று யாரும் இல்லை. இந்த வகைக் குழுக்கள் நிலைப்பதும் கலைவதும் ஒரு விஷயத்தைப் பொறுத்தே இருக்கிறது: மேசைமேல் வைக்கப்படுவது தான் கண்ணால் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சியா, அல்லது பொதுவான புலம்பலா, அறிவுரையா. கீழே உள்ள ஏற்பாடுகள் எல்லாமே முதலாவதை நடக்க வைப்பதற்காகத்தான்.

ஆட்களைச் சேர்ப்பது

6 முதல் 8 பேர் போதும். எப்படியும் ஒவ்வொரு முறையும் ஓரிருவரால் வர முடியாது. குழந்தைக்குக் காய்ச்சல் என்பார்கள், உடன் வேலை செய்பவர் விடுப்பு என்பார்கள். 8 பேர் இருந்தால் 6 பேராவது உட்காருவார்கள். 4 பேருக்குக் கீழே போனால் பேச்சு சொந்தக் கதைக்குள் போய்விடும். 10 பேரைத் தாண்டினால் மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அனுபவம் கலந்திருக்கட்டும். பல வருடம் வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர், வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகாதவர்கள் இரண்டு பேர் இருந்தால் நல்லது. புதியவர்கள் கேட்கும் ‘ஏன் இப்படிச் செய்கிறோம்?’ என்ற கேள்வி பழையவர்களுக்குத் தேவை. கைக்குழந்தைகளைப் பார்ப்பவரும் நாலு வயதுக்காரர்களைப் பார்ப்பவரும் ஒரே குழுவில் இருக்கலாம். ஆனால் எந்த வயதுப் பிரிவிலிருந்தும் ஒருவர் மட்டும் தனியாக இருக்கக் கூடாது. ஏழு பேர் வண்ணப்பூச்சு பற்றிப் பேசும்போது, பால் குடிக்க மறுக்கும் ஏழு மாதக் குழந்தையைப் பற்றிச் சொல்ல ஒருவருக்குத் தயக்கமாகத்தான் இருக்கும்.

உதவியாளர்களை விட்டுவிடாதீர்கள். குழந்தைக்குத் துணி மாற்றுவதும் ஊட்டுவதும் தூங்க வைப்பதும் அவர்கள்தான். ஆசிரியர் கண்ணில் படாதது அவர்கள் கண்ணில் படும். எழுதத் தயங்குபவர்கள் இருந்தால், கண்டதைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் குரல்பதிவாகச் சொல்லிக் கொண்டுவரலாம் என்று முதலிலேயே தெரிவித்துவிடுங்கள்.

மேலதிகாரியை உறுப்பினராகச் சேர்க்காதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. சம்பளத்தையும் மதிப்பீட்டையும் தீர்மானிப்பவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, தோற்றுப்போன காலைப்பொழுதை யாரும் எடுத்து வைக்க மாட்டார்கள். எல்லோரும் நன்றாக நடந்ததை மட்டும் சொல்வார்கள், குழு நாலாவது கூட்டத்தில் சலித்துப்போகும். நிர்வாகம் தகவல் கேட்டால் தேதி, வந்தவர்கள் எண்ணிக்கை, பேசிய தலைப்பு ஆகிய மூன்றை மட்டும் கொடுப்பது என்று தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். நேரம் ஒதுக்கித் தருவதும் மாற்று ஆள் தருவதும்தான் நிர்வாகம் செய்யக்கூடிய பெரிய உதவி.

வீட்டில் காப்பகம் நடத்துபவர்கள் சேரும் குழுவில் இன்னொரு சங்கடம் உண்டு. ஒரே வட்டாரத்தில் இருப்பவர்கள் ஒரே குடும்பங்களைத்தான் நம்பியிருப்பார்கள். கட்டணம் பற்றிக் குழுவில் பேசுவதில்லை, இன்னொருவரிடம் இருக்கும் குடும்பத்தை அழைப்பதில்லை என்ற இரண்டையும் முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் விட்டால் அது ஒவ்வொருவர் மனதிலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

நேரமும் இடமும்

ஒரு கூட்டத்துக்கு 90 நிமிடம், மூன்று வாரத்துக்கு ஒரு முறை. இரண்டு வாரம் என்றால் செய்து பார்க்க அவகாசம் போதாது, அலுப்பும் வரும். மாதம் ஒரு முறை என்றால், போன தடவை பேசியதை நினைவுபடுத்தவே கால் மணி நேரம் போகும். 8 கூட்டங்களை ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டு, எட்டுத் தேதிகளையும் முதல் நாளே குறித்துவிடுங்கள். ‘அடுத்தது எப்போது வைக்கலாம்?’ என்று ஒவ்வொரு முறையும் கேட்கும் குழு சீக்கிரமே கூடுவதை நிறுத்திவிடும்.

குழந்தைகள் தூங்கும் மதிய நேரத்தைப் பயன்படுத்தலாமே என்று யோசனை வரும். வேண்டாம். தூங்கும் குழந்தைகளையும் கண் பார்வையில் வைத்திருக்க வேண்டும், கைக்குழந்தைகளை இன்னும் கூடுதலாக. அந்த நேரத்தில் கூட்டம் வைத்தால் ஒன்று கவனிப்பு குறையும், அல்லது கூட்டத்தில் பாதிப் பேர் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாற்று ஆள் இருந்தால் வேலை நேரத்தில் வையுங்கள். இல்லையென்றால் காப்பகம் மூடிய பிறகு வையுங்கள். உறுப்பினர்களின் சொந்தக் குழந்தைகளை அந்த ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்யாவிட்டால், வருவதற்கு மிகவும் ஆசைப்படுபவர்களால்தான் வர முடியாமல் போகும்.

வகுப்பறையிலேயே கூடலாம், ஆனால் பெரியவர்கள் உட்காரும் நாற்காலி வேண்டும். ஓரடி உயரக் குட்டி நாற்காலியில் நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்தவர்களை மறுபடி உட்கார வைத்தால், இருபதாவது நிமிடத்தில் முழங்கால்தான் பேசும்.

முதல் கூட்டம்

முதல் நாளே யாருடைய சிக்கலையும் எடுக்காதீர்கள். இன்னும் பழகாத ஆட்களுக்கு நடுவே தன் அறையைத் திறந்து வைப்பது எளிதில்லை. அந்த 90 நிமிடத்தில் மூன்று வேலை இருக்கிறது: அறிமுகம், உடன்பாடு, பார்க்கப் பழகுவது.

அறிமுகத்துக்கு 20 நிமிடம். பெயர், எந்த வயதுக் குழந்தைகள், எத்தனை பேர், இந்த வாரம் கவனித்த ஒரு குழந்தையின் ஒரு செயல். பட்டமும் பதவியும் வேண்டாம்.

உடன்பாட்டுக்கு 30 நிமிடம். ஒரு தாளில் எழுதி எல்லோரும் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். குழந்தையின் பெயரைச் சொல்வதில்லை, ஓர் எழுத்தைச் சொன்னால் போதும், அது பெயரின் முதலெழுத்தாகவும் இருக்க வேண்டியதில்லை. இங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை, வீட்டிலும் சொல்வதில்லை. பெற்றோர் எழுத்துமூலம் சம்மதிக்காத படமோ காணொளியோ கொண்டுவருவதில்லை. சம்மதம் இருந்தாலும் காட்டி முடித்ததும் யாருக்கும் அனுப்புவதில்லை. பெற்றோரைப் பற்றிப் பேச வேண்டி வந்தால், அவர்கள் இந்த அறையில் உட்கார்ந்திருந்தால் எப்படிப் பேசுவோமோ அப்படிப் பேசுவது.

ரகசியம் காப்பதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை எழுதியே வையுங்கள். ஒரு குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்ற சந்தேகம் வந்தால் அது குழுவில் அலசும் விஷயம் இல்லை. யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று உங்கள் நாட்டுச் சட்டமும் உங்கள் நிறுவனமும் வகுத்திருக்கின்றனவோ, அவரிடம் அன்றே தெரிவிக்க வேண்டும். ‘தெரிவிக்கலாமா வேண்டாமா’ என்று எட்டுப் பேர் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தக் குழந்தை காத்திருக்க வேண்டியிருக்கும்.

மீதி நேரம் பார்க்கப் பழகுவது. யாருக்கும் தெரியாத ஒரு குழந்தை வரைந்த படம் ஒன்றை நடுவில் வையுங்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1965-இல் தொடங்கிய ப்ராஸ்பெக்ட் பள்ளியில் பட்ரீசியா கரீனியும் உடன் பணியாற்றியவர்களும் வளர்த்தெடுத்த பழக்கம் இது. ஒவ்வொருவரும் முறை வைத்து, படத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். ‘இந்தக் குழந்தைக்குக் கோபம்’ என்று சொல்லக் கூடாது. ‘இடது மூலையில் சிவப்பு மெழுகுக்கோல் வட்டம், சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது, ஒரு இடத்தில் காகிதம் கிழிந்திருக்கிறது’ என்று சொல்லலாம். முதல் சுற்று சீக்கிரம் முடிந்துவிடும். மூன்றாவது சுற்றில்தான் ‘வட்டம் எங்கே தொடங்கியது என்று தெரிகிறது, அங்கே கோடு மெல்லியதாக இருக்கிறது’ என்பது போன்றவை வரும். அதுவரை காத்திருங்கள். படத்தைப் பார்க்கத் தெரிந்த குழுவுக்குத்தான் குழந்தையைப் பார்க்கவும் தெரியும்.

என்ன கொண்டுவருவது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான்.

அந்த முறை எடுத்து வைப்பவர் கொண்டுவர வேண்டியது பத்துப் பதினைந்து வரி எழுத்து, அல்லது இரண்டு நிமிடக் காணொளி, அல்லது ஒரு குழந்தை செய்த பொருள், அல்லது அறையின் வரைபடம். இவற்றில் ஏதாவது ஒன்று. கூடவே ஒரு கேள்வி. எல்லாவற்றையும் கொண்டுவந்தால் எதையும் ஆழமாகப் பார்க்க முடியாது.

எழுதுவதற்கும் பழக்கம் வேண்டும். உதாரணத்துக்கு, கடிக்கும் ஒரு குழந்தை, ‘ம’ என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானவர்கள் முதல் தடவை எழுதுவது இப்படி இருக்கும்:

‘ம எப்போதும் கடிக்கிறான். ரொம்ப முரடு. யாரையும் நிம்மதியாக விளையாட விடுவதில்லை. வீட்டில் செல்லம் அதிகம் போல.’

இதில் யாரும் எதையும் பார்க்க முடியாது. நான்கு வாக்கியத்திலும் தீர்ப்புதான் இருக்கிறது. இதைக் கேட்டவர்கள் தங்களுக்குத் தெரிந்த அறிவுரையைச் சொல்வார்கள். அதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. அதே நிகழ்ச்சியை இப்படி எழுதலாம்:

‘செவ்வாய், 11.40. கை கழுவ வரிசை. ஒன்பது குழந்தைகள், குழாய்க்கும் அலமாரிக்கும் நடுவே உள்ள சந்தில். ம-வுக்கு இரண்டு வயது நான்கு மாதம், வரிசையில் ஐந்தாவது. நான் குழாயடியில் குனிந்து ஒரு குழந்தைக்குச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். முன்னால் நின்ற குழந்தை பின்னுக்கு நகர்ந்து ம-வின் காலை மிதித்தது. ம “ஏய்” என்றான். மறுபடியும் “ஏய்” என்றான், இந்தத் தடவை சத்தமாக. அந்தக் குழந்தை திரும்பவில்லை. நான் நிமிர்வதற்குள் முன்னால் நின்ற குழந்தையின் மேல்கையைக் கடித்துவிட்டான். அது அழுதது. ம தானாக விலகி, அலமாரி ஓரம் தரையில் உட்கார்ந்து, சட்டை நுனியை வாயில் வைத்துக்கொண்டான்.’

இதைக் கேட்பவருக்குக் கேள்விகள் வந்தபடியே இருக்கும். எவ்வளவு நேரமாக வரிசையில் நின்றான்? சந்தின் அகலம் எவ்வளவு? ‘ஏய்’ தவிர அவனுக்கு வேறு என்ன சொல் தெரியும்? மற்ற கடிகளும் இதே நேரத்தில்தானா? ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் கடிப்பது சாதாரணம். சொல்லத் தெரிவதற்கு முன்பே சொல்ல வேண்டியது நிறைய இருக்கும், பல் முளைக்கும், நெரிசலும் காத்திருப்பும் வேறு. ஆனால் இந்தப் பொது அறிவு ம-வுக்கு உதவ வேண்டுமென்றால் அந்தச் சந்தும் அந்த இரண்டு ‘ஏய்’களும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எழுதும்போது நான்கு விஷயங்களை விடாதீர்கள்: மணி, இடம், அதற்குச் சற்று முன் நடந்தது, அதற்குச் சற்றுப் பின் நடந்தது. பெரியவர் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலும் விடுபடுவது அதுதான். குழந்தை பேசியதை அதே சொல்லில் எழுதுங்கள், திருத்தாதீர்கள். ‘எப்போதும்’, ‘வேண்டுமென்றே’, ‘அடம்’, ‘சோம்பல்’ என்ற சொற்கள் வந்தால் அடித்துவிட்டு, அப்படி நினைக்க வைத்தது எது என்பதை எழுதுங்கள்.

வேலைக்கு நடுவே உட்கார்ந்து எழுத முடியாது. சட்டைப்பையில் ஒரு சின்னக் குறிப்பேடு வைத்து நாலு சொல் கிறுக்கிக்கொண்டு, அன்று மாலைக்குள் விரித்து எழுதிவிட வேண்டும். ஒரு இரவு தாண்டினால் நிகழ்ச்சி தேய்ந்து தீர்ப்பு மட்டும் மிஞ்சும். 1948-இல் லண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையில் உளச்சிகிச்சையாளர் எஸ்தர் பிக் தொடங்கிவைத்த, குழந்தையை உற்றுக் கவனிக்கும் பயிற்சியில், வாரம் ஒரு மணி நேரம் ஒரு குழந்தையைப் பார்க்கும்போது குறிப்பே எடுப்பதில்லை. பார்த்து முடித்த பிறகு எழுதி, குழுவில் படிக்கிறார்கள். குறிப்பெடுக்கும் கை, பார்க்கும் கண்ணுக்குத் தடையாவதும் உண்டு. உங்களுக்கு எது கைவருகிறதோ அதைச் செய்யுங்கள்.

தொந்தரவு தரும் குழந்தையைப் பற்றி மட்டுமே கொண்டுவரத் தோன்றும். சத்தமில்லாத குழந்தையையும் கொண்டுவாருங்கள். ஒரு நாள் முழுக்க நீங்கள் பெயர் சொல்லி அழைக்காத குழந்தை யார் என்று தேடினால் ஒருவர் கிடைப்பார்.

ஒரு கூட்டத்தின் 90 நிமிடம்

மூன்று பொறுப்புகள் உண்டு: ஒருங்கிணைப்பவர், நேரம் பார்ப்பவர், குறிப்பு எழுதுபவர். ஒவ்வொரு கூட்டத்திலும் இவை கை மாற வேண்டும். எடுத்து வைப்பவருக்கு அன்று வேறு பொறுப்பு வேண்டாம்.

முதல் 10 நிமிடம், போன முறை எடுத்து வைத்தவர் செய்து பார்த்ததைச் சொல்வார். பிறகு 45 நிமிடம் ஒரே விஷயம், கீழே உள்ள வரிசையில்:

1. எடுத்து வைப்பவர் படிக்கிறார், தன் கேள்வியைச் சொல்கிறார்: 6 நிமிடம்.
2. விவரம் கேட்கும் கேள்விகள் மட்டும்: 5 நிமிடம். ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்விகள். ‘அவனைத் தனியாக உட்கார வைத்துப் பார்த்தீர்களா?’ என்பது கேள்வி போல வரும் அறிவுரை, அதற்கு இங்கே இடமில்லை.
3. எல்லோரும் அமைதியாக மறுபடி படிப்பது: 2 நிமிடம்.
4. கேட்டதிலும் பார்த்ததிலும் என்ன இருக்கிறது என்று முறை வைத்துச் சொல்வது: 10 நிமிடம். எடுத்து வைத்தவர் பேசுவதில்லை, எழுதிக்கொள்கிறார்.
5. ஏன் இப்படி இருக்கலாம் என்று ஊகிப்பது: 8 நிமிடம். குறைந்தது மூன்று வெவ்வேறு காரணங்கள் வர வேண்டும்.
6. எடுத்து வைத்தவர் பேசுகிறார், எது மனதில் பட்டது என்று: 6 நிமிடம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.
7. அடுத்த மூன்று வாரம் செய்து பார்க்கப்போகும் ஒன்றை அவரே தேர்ந்தெடுக்கிறார்: 5 நிமிடம்.
8. இந்தப் பேச்சு அவருக்கு எப்படி இருந்தது: 3 நிமிடம்.

நாலாவது படியில் எடுத்து வைத்தவர் வாய்மூடி இருப்பது முதலில் செயற்கையாகத் தோன்றும். அதை விட்டுக்கொடுக்காதீர்கள். அவர் பேச ஆரம்பித்தால் விளக்கம் சொல்வார், விளக்கம் தற்காப்பாகும், மற்றவர்கள் சமாதானம் சொல்வார்கள், குழந்தை மறைந்துபோகும். அவர் முதுகைச் சற்றே திருப்பி உட்கார்ந்து எழுதுவதுகூட உதவும்.

ஏழாவது படியில் வருவது ‘பொறுமையாக இருப்பேன்’ என்பதாக இருக்கக் கூடாது. அதைச் செய்தோமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ம-வைப் பொறுத்தவரை அது இப்படி இருக்கலாம்: கை கழுவ மூன்று மூன்று பேராக மட்டும் அனுப்புவது, மற்றவர்கள் பாயில் உட்கார்ந்து பாட்டு, நிற்பது குழாய்க்குப் பக்கத்தில், ஆனால் முகம் வரிசையைப் பார்த்து, ம ‘ஏய்’ என்றதும் பக்கத்தில் போய் ‘நகரு என்று சொல்’ என்று சொல்லிக்கொடுப்பது. இவற்றில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, வாரத்துக்கு எத்தனை கடி, எந்த இடத்தில் என்று ஒரு தாளில் கோடு போட்டுவரலாம். நாலையும் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. கடி குறையாமல் இடம் மட்டும் மாறினால் அதுவும் செய்திதான். அடுத்த முறை மேசைமேல் வைக்க அது இருக்கிறது.

அடுத்த 25 நிமிடத்தில் மற்ற உறுப்பினர்கள் தலைக்கு மூன்று நான்கு நிமிடம், இந்த மூன்று வாரத்தில் கவனித்த ஒன்றைச் சொல்லலாம். அலசல் இல்லை, சொல்வதும் கேட்பதும் மட்டும். கடைசி 10 நிமிடம் அடுத்து எடுத்து வைப்பவர் யார், பொறுப்புகள் யாருக்கு என்று குறித்துக்கொள்ள. அடுத்தவர் பெயர் எழுதப்படாமல் கலைந்தால் அடுத்த கூட்டம் வெறும் அரட்டையாகும்.

ஒருங்கிணைப்பவரின் வாயில் இருக்க வேண்டிய சொற்கள்

புதிதாக ஒருங்கிணைப்பவர்கள் தடுமாறுவது, பேச்சை எப்படி நிறுத்துவது என்ற இடத்தில்தான். குறிப்பாகத் தன்னைவிட மூத்தவர் பேசும்போது. சில வாக்கியங்களை முன்பே தயாராக வைத்திருந்தால் யாரையும் புண்படுத்தாமல் திருப்பலாம்.

அறிவுரை முந்திக்கொண்டு வந்தால்: ‘அக்கா, அது நல்ல யோசனை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் எட்டு நிமிடத்தில் அதற்கு நேரம் வரும்.’ தீர்ப்பு வந்தால்: ‘எதைப் பார்த்து அப்படித் தோன்றியது?’ ஒருவரே பேசிக்கொண்டிருந்தால்: ‘இன்னும் பேசாதவர்களிடமிருந்து ஒரு சுற்று கேட்டுவிட்டு உங்களிடம் வருகிறேன்.’ பெற்றோர் மீது பேச்சு திரும்பினால்: ‘நம் அறைக்குள் நாம் மாற்றக்கூடியது என்ன?’ யாராவது கண் கலங்கினால் கடிகாரத்தை நிறுத்துங்கள். அவருக்குத் தண்ணீர் கொடுத்து, தொடரலாமா வேண்டாமா என்று அவரையே கேளுங்கள்.

அறைக்குப் போய்ப் பார்ப்பது

மூன்று நான்கு கூட்டம் ஆன பிறகு ஒருவர் அறையை ஒருவர் பார்க்கலாம். ஜப்பானில் ஆசிரியர்கள் ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்து, பிறகு கூடிப் பேசும் வழக்கம் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. அங்கே எல்லோரும் கவனிப்பது பிள்ளைகள் என்ன செய்தார்கள், எப்படி யோசித்தார்கள் என்பதைத்தான்.

அரை மணி நேரம் போதும். எதைப் பார்க்க வேண்டும் என்று அறைக்காரர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: ‘கட்டைகள் இருக்கும் மூலையில் யார் யாரோடு விளையாடுகிறார்கள்?’ பார்க்க வருபவர் சுவரோரம் குழந்தைகள் உயரத்துக்கு உட்கார்ந்துகொள்வார். குழந்தை வந்து பேசினால் பதில் சொல்லலாம், விளையாட்டைத் தானாகத் தொடங்கக் கூடாது. உதவிக்கு எழுந்து ஓடக் கூடாது, ஆபத்து என்றால் தவிர. அன்றே 15 நிமிடம் உட்கார்ந்து கண்டதைச் சொல்லிவிட வேண்டும். ‘நன்றாக இருந்தது’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், பார்க்கப்பட்டவருக்கு வீடு போகும் வரை மனசு அடித்துக்கொண்டிருக்கும்.

எங்கே கெட்டுப்போகிறது

புலம்பல் கூடமாவது முதல் ஆபத்து. சம்பளம் குறைவு, குழந்தைகள் அதிகம், ஓய்வில்லை. எல்லாமே உண்மை. இவற்றை அடக்கிவைத்தால் குழுவின் மீதே கோபம் திரும்பும். கூட்டம் தொடங்கும் முன் வந்து சேரும் நேரத்தில் 10 நிமிடம் அதற்கென்று விட்டுவிடுங்கள். கூட்டாகச் செய்ய வேண்டிய கோரிக்கை இருந்தால் அதற்குத் தனி நாள் வையுங்கள்.

மூன்றாவது நாலாவது கூட்டத்தில் வருகை குறைவது வழக்கம். புதுமை போயிருக்கும், பலன் இன்னும் தெரிந்திருக்காது. வராதவரை அடுத்த நாளே ஒருவர் கூப்பிட்டுப் பேசுங்கள். ‘ஏன் வரவில்லை’ என்று கேட்க வேண்டாம். ‘நீங்கள் சொன்ன அந்தக் குழந்தை எப்படி இருக்கிறாள்?’ என்று கேளுங்கள்.

அதிகம் தெரிந்தவர் ஆசிரியராகிவிடுவது இன்னொன்று. மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தே பேசத் தொடங்குவார்கள். அவரை முதலில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அதுவும் தனக்கே விடை தெரியாத ஒன்றை. அவர் தன் குழப்பத்தைத் திறந்து காட்டிய பிறகு புதியவர்களுக்கு வாய் வரும்.

பாதுகாப்பு விஷயங்களில் அனுபவத்தை அளவுகோலாக்குவது எல்லாவற்றையும்விட ஆபத்து. ‘நாங்கள் பார்த்த குழந்தைகள் எல்லாம் கவிழ்ந்து படுத்துத்தான் தூங்கின, ஒன்றும் ஆகவில்லை’ என்று ஒரு மூத்தவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். கைக்குழந்தையை ஒவ்வொரு தூக்கத்துக்கும் மல்லாந்துதான் படுக்க வைக்க வேண்டும், தட்டையான உறுதியான படுக்கையில், தலையணையும் மெத்தென்ற பொம்மையும் இல்லாமல். தூக்கத்தில் திடீரென நேரும் மரணம் கவிழ்த்துப் படுக்க வைக்கும்போது அதிகம் என்று தெரிந்த பிறகு பல நாடுகளில் 1990-களில் இதற்காகவே பிரசாரம் நடந்தது, இறப்புகளும் பெருமளவு குறைந்தன. தூக்கம், மருந்து கொடுப்பது, தொண்டையில் அடைக்கும் பொருள்கள், ஒவ்வாமை ஆகியவற்றில் குழு வாக்கெடுத்து முடிவு செய்யக் கூடாது. பேச்சு அங்கே போனால் ஒருங்கிணைப்பவர் நிறுத்தி, நடைமுறையில் உள்ள விதியை எடுத்து எல்லோர் முன்னும் படிக்க வேண்டும்.

நேரில் கூட முடியாதவர்களுக்கு

வீட்டுக் காப்பகக்காரர்களுக்கு இணையவழிதான் பல நேரம் சாத்தியம். அப்போது 5 பேர், 65 நிமிடம் என்று சுருக்குங்கள். விவரம் சொல்வதற்கும் ஊகத்துக்கும் இருக்கும் நேரத்தைக் குறைக்காமல், 25 நிமிடத்துச் சுற்றை எடுத்துவிடுங்கள். எழுத்தை முந்தைய இரவே எல்லோருக்கும் அனுப்பினால் இணைப்பு அறுந்தாலும் பேச்சு அறாது. பேசும் முறையைப் பெயர் வரிசைப்படி வைத்துக்கொள்ளுங்கள். திரையில் யார் பேசப்போகிறார்கள் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

வாட்ஸ்அப் குழு வைத்தால் தேதி, நேரம், வருகை மட்டும். குழந்தையைப் பற்றிய எதுவும், படமோ குரலோ எழுத்தோ, அதில் வரக் கூடாது. ஒருவர் கைப்பேசி தொலைந்தால் போதும், எட்டு அறைகளின் விஷயமும் வெளியே.

குறிப்பேடும் சுற்றின் முடிவும்

குழுவுக்கு ஒரே குறிப்பேடு. ஒரு கூட்டத்துக்கு ஒரு பக்கம்: தேதி, எடுத்து வைத்தவர், அவருடைய கேள்வி, செய்து பார்க்க எடுத்தது, என்ன நடந்தது. கடைசிக் கட்டம் மூன்று வாரம் காலியாகத்தான் இருக்கும். அதை நிரப்புவதுதான் அடுத்த கூட்டத்தின் முதல் வேலை. தொடர்ந்து இரண்டு பக்கங்களில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், செய்து பார்க்க எடுப்பவை கைக்கு அடங்காத அளவு பெரிதாகிவிட்டன என்று பொருள். சிறிதாக்குங்கள்.

எட்டாவது கூட்டத்தில் புதிதாக எதையும் எடுக்க வேண்டாம். குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். பிறகு ஒவ்வொருவரும் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் தரட்டும்: என் அறையில் இப்போது வேறு மாதிரி நடப்பது எது? சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது எது? இன்னொரு சுற்று வருவேனா? வரவில்லை என்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. புதியவர்களைச் சேர்ப்பதும் இந்த இடைவெளியில்தான், நடுச்சுற்றில் வேண்டாம்.

ஆட்கள் பத்தைத் தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள். பழைய குழுவிலிருந்து மூன்று பேராவது ஒவ்வொன்றிலும் இருக்கட்டும். குழந்தைகளைப் பற்றிய எழுத்துகளையும் அச்செடுத்த படங்களையும் எட்டாவது கூட்டத்திலேயே கிழித்துவிட்டு, கைப்பேசிகளில் உள்ள காணொளிகளை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அழித்துவிடுங்கள். செய்து பார்த்தவற்றையும் நடந்ததையும் மட்டும் ஒரு தாளில் படியெடுத்து, அடுத்த சுற்றில் சேர்பவர் கையில் முதல் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே கொடுங்கள். எதைக் கொண்டுவர வேண்டும் என்று அவருக்கு அதிலேயே தெரிந்துவிடும்.